வில்வண்டியும் பிக்கப்பும்: மெத்துன்னு போன கதை

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வர, செகண்ட் ஹேண்டில் ஒரு 4 வீல் டிரைவ் பிக்கப் எடுத்திருக்கான். ஒரு வாரம் ஓட்டியிருக்கான், இடுப்பு கழண்டுபோச்சாம்.

"மாமா, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. பின்னாடி பட்டையில ரெண்டைக் கழட்டிட்டா மெத்துன்னு போகும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. கழட்டிடவா?"

"கழட்டாதே. ஞாயித்துக்கிழமை பேசறேன்"னு சொல்லி வச்சுட்டேன். என் குரல் கொஞ்சம் ஓங்கிடுச்சு போல. "மாமாவுக்கு என்னாச்சு?"ன்னு அக்காகிட்ட கேட்டிருக்கான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது ரெண்டு வரிதான். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி 200 வருசக் கதை ஒண்ணு இருக்கு. அதுகூட என் சொந்தக் கதையும் ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட கதை. கொசுவத்தி கொஞ்சம் நீளமாவே சுத்தும், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல பட்டைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. லாரிக்கு அடியில குனிஞ்சு பாத்தா, சக்கரத்துக்குப் பக்கத்துல இரும்புத் தகடுகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நடுவுல போல்ட் போட்டு, வில்லு மாதிரி வளைச்சு வச்சிருப்பாங்க. லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் பட்டை. உடைஞ்ச லாரிப் பட்டையை வாங்கித்தான் நம்ம கொல்லர்கள் அரிவாள் அடிப்பாங்க. வளைச்சா திரும்ப நிமிரும், முனை வச்சா மழுங்காது. அப்படிப்பட்ட இரும்பு.

அந்தப் பட்டைக்குத் தமிழ்ல இன்னொரு பேரும் இருக்கு: வில். வில்வண்டின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல இருக்கிற வில் அர்ச்சுனன் வில் இல்லைங்க, லீஃப் ஸ்பிரிங்தான். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவுல இரும்பு வில் வச்ச மாட்டுவண்டி. வில் இல்லாதது கட்டைவண்டி. எங்க தாத்தா ஊர்ல வில்வண்டி ஒண்ணே ஒண்ணுதான், அது பண்ணையார் வீட்டுது. அதுல மூட்டை ஏத்த மாட்டாங்க. மூட்டைக்குக் கட்டைவண்டி, மனுசனுக்கு வில்வண்டி. மனுசன்னா எல்லா மனுசனும் இல்லை, அது வேற விசயம்.

வேற விசயம்னு சொன்னேனே, அது சின்ன விசயமும் இல்லை. 1893-ல் திருவிதாங்கூரில், வெங்ஙானூர்க்காரர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். புலையர் சமூகத்தில் பிறந்தவர். அவங்க சமூகத்து ஆளுங்க பொதுச்சாலையில் நடக்கவே கூடாதுன்னு இருந்த காலம். அவர் நடக்கலை. காளைகளைப் பூட்டி, வில்வண்டியில உக்காந்து அந்தச் சாலையில ஓட்டிக்கிட்டுப் போனார். மறிச்சவங்களை எதிர்த்து நின்னார். கேரள வரலாற்றில் அதுக்கு வில்லுவண்டி யாத்திரைன்னே பேர். அவர் ஏன் கட்டைவண்டியில போகலைன்னு நான் யோசிச்சதுண்டு. ரோட்டுல போற உரிமை மட்டும் இல்லை, அலுங்காம உக்காந்து போறதே ஒரு அந்தஸ்தா இருந்துச்சு, அதையும் சேர்த்தேதான் எடுத்துக்கிட்டார்னு எனக்குத் தோணும்.

ஐரோப்பாவிலும் வில் முதல்ல கோச்சு வண்டிக்குத்தான். லண்டன்ல கோச்சு வண்டி செஞ்சுக்கிட்டிருந்த ஒபதயா எலியட்ங்கிறவர் 1804-ல் நீள்வட்ட வடிவ ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டு வில்லை எதிரெதிரா வச்சு முட்டை வடிவத்துல கட்டினது. அதுவரைக்கும் தோல் வாரில் தொங்கிக்கிட்டுக் குலுங்கினவங்க கொஞ்சம் மூச்சு விட்டாங்க. பிற்பாடு மோட்டார் வந்தப்ப, குதிரைவண்டியில இருந்த வில் அப்படியே காருக்கும் லாரிக்கும் வந்துடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். பிக்கப் எங்கிருந்து வந்துச்சு?

ஆஸ்திரேலியாவில் ஒரு கதை சொல்வாங்க. 1930களின் தொடக்கத்துல, விக்டோரியா மாநிலத்து கிப்ஸ்லாந்து பகுதி விவசாயி ஒருத்தரோட மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடுதாசி போட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை நனையாம சர்ச்சுக்குப் போகணும், திங்கக்கிழமை அதே வண்டியில பன்னியைச் சந்தைக்குக் கொண்டுபோகணும், ரெண்டு வண்டி வாங்க வசதியில்லை, ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு. ஜீலாங் ஆலையில இருந்த லூயிஸ் பாண்ட்ங்கிற இளைஞர் வரைஞ்சு குடுத்தார். முன்னாடி கார், பின்னாடி தொட்டி. 1934-ல் வெளிவந்துச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க 'யூட்'னு கொண்டாடுறது அதைத்தான். பிக்கப் லாரி அமெரிக்காவுல அதுக்கு முன்னாடியே உண்டு. ஆனா பிக்கப்போட மொத்தப் பிரச்சினையும் அந்தம்மா கடுதாசியில இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை மெத்துன்னு வேணும், திங்கக்கிழமை பாரம் தாங்கணும். வில்வண்டியும் கட்டைவண்டியும் ஒரே வண்டியா வேணும்.

இதுல என்ன கஷ்டம்னு கொஞ்சம் கணக்குப் பாத்துடலாம். பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

ஸ்பிரிங் மேல வண்டி நொடிக்கு எத்தனை தடவை ஆடுதுங்கிறதுதான் மெத்துன்னு இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணுது. நொடிக்கு ஒண்ணு, ஒண்ணேகால் தடவை ஆடினா சுகம், நாம நடக்கிறப்ப உடம்பு ஆடுற தாளத்துக்குப் பக்கத்துல வருது. ரெண்டுக்கு மேல போனா கடகடங்கும். அப்புறம் 4-லிருந்து 8 தடவை வரைக்கும் மேலும் கீழும் வர்ற அதிர்வுதான் நம்ம உடம்புக்கு ரொம்ப ஆகாதது, வயிறும் முதுகெலும்பும் அதுலதான் அதிகமா படும்.

இப்ப ஒரு பிக்கப்பை எடுத்துக்குங்க. காலியா இருக்கறப்ப பின் ஸ்பிரிங் மேல உக்கார்ற எடை 500 கிலோன்னு வைங்க. ஒரு டன் ஏத்தினா 1500. மூணு மடங்கு. காருக்கு இந்தத் தொல்லை இல்லை, பின்சீட்டுல மூணு பேர் ஏறினா 200 கிலோ கூடும், அவ்வளவுதான். பிக்கப்புல பாரம் ஏத்தினப்ப 1.2 தடவை ஆடுற மாதிரி ஸ்பிரிங் வச்சா, காலியா போறப்ப 2 தடவைக்கு மேல ஆடும். குலுங்கும். சரி, காலியா இருக்கறப்பவே 1.2 தடவை ஆடட்டும்னு ஸ்பிரிங்கை மெல்லிசா வச்சா? ஒரு டன் ஏத்தினதும் வண்டி 34 செ.மீ. கீழே இறங்கும். ஒரு அடிக்கு மேல! எந்தப் பிக்கப்புலயும் சக்கரத்துக்கு மேல அவ்வளவு இடம் கிடையாது. காலி வண்டி குலுங்குறது கோளாறு இல்லைங்க. பாரத்துக்காக ஒதுக்கி வச்ச வலுதான் நம்ம இடுப்பைப் பதம் பாக்குது.

இதுல காடுமலை ஏறுற வண்டிக்கு இன்னும் ஒரு சிக்கல். ஒரு சக்கரம் பாறை மேல, ஒரு சக்கரம் பள்ளத்துல இருந்தாலும் நாலும் தரையைத் தொடணும். தொடாத சக்கரம் சும்மா சுத்தும், இழுக்காது. அதனால அங்கே மெத்துன்னு இருக்கிறது சொகுசுக்கு மட்டும் இல்லை, மேலே ஏறுறதுக்கே வேணும்.

ரெண்டாம் உலகப் போர் ஜீப் நாலு சக்கரத்துக்கும் பட்டைதான். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில லேண்ட் ரோவர் வந்துச்சு, அதுக்கும் பட்டை. 1947-லிருந்து மகிந்திரா மூலமா நம்ம ஊருக்கு வந்த வில்லிஸ் ஜீப்புக்கும் அதேதான். ஜீப்புல மலையேறிட்டு வந்தவங்க ராத்திரி நல்லெண்ணெய் தேய்ச்சுக்கிட்டது சும்மா இல்லை. பட்டையில இன்னொரு குறை, தகடுகள் ஒண்ணோட ஒண்ணு உரசும். துரு ஏறினா அந்த உரசல் இன்னும் கூடும். சின்னக் குழியில ஸ்பிரிங் அசையவே அசையாது, அடி நேரா உங்களுக்குத்தான்.

இந்தக் கதையில முதல் பெரிய திருப்பம் 1970. ஸ்பென் கிங் தலைமையில உருவான ரேஞ்ச் ரோவர், நாலு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங்கோட வந்துச்சு. முன்னும் பின்னும் அதே ரிஜிட் ஆக்ஸில், ஆனா பட்டைக்குப் பதிலா நீளமா, மெத்துன்னு சுருள். பாரம் ஏறினா பின்பக்கம் தொங்குமே? அதுக்காகப் பின் ஆக்ஸில் நடுவுல தானா மட்டம் பண்ணிக்கிற ஒரு போகே கம்பெனி சாமானையும் சேர்த்து வச்சாங்க. மெத்துன்னு பண்றவன் பாரத்துக்குத் தனியா பதில் வச்சிருக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க, என் கதையில திரும்ப வரும்.

உழவனோட லேண்ட் ரோவருக்கு அந்தச் சுருள் கிடைக்க இன்னும் 13 வருசம் ஆச்சு. 1983-ல் வந்த 110 மாடல்லதான் கிடைச்சது. சீமான் வீட்டு வண்டிக்கு முதல்ல, வேலைக்கார வண்டிக்குக் கடைசியில. வில்வண்டிக் கதையேதான். அதுவரைக்கும் பழைய லேண்ட் ரோவர் வச்சிருந்தவங்க சும்மா இருக்கலை. பராபாலிக் ஸ்பிரிங்னு ஒண்ணு, நடுவுல தடிப்பா, ஓரத்துல மெல்லிசா உருட்டின தகடு. பத்துத் தகடு செய்யற வேலையை ரெண்டு மூணு தகடு செய்யும், நடுவுல இடைவெளி இருக்கிறதால உரசலும் இல்லை. பழைய பட்டைக்கட்டைக் கழட்டிட்டு இதை மாட்டறது லேண்ட் ரோவர் ஆர்வலர்களுக்கு ஒரு சடங்கு மாதிரியே ஆகிப்போச்சு.

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வருவோம். டொயோட்டா ஹைலக்ஸ். 1968-ல் வந்த முதல் ஹைலக்ஸுக்கு முன்னாடி சுருள் ஸ்பிரிங், ரெண்டு சக்கரமும் தனித்தனியா அசையும். பின்னாடி பட்டை. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. 1979-ல் அதுல 4 வீல் டிரைவ் கொண்டு வந்தாங்க. முன்சக்கரத்துக்கும் இழுவை குடுக்கணுமே, அதனால முன்னாடியும் ரிஜிட் ஆக்ஸில், பட்டை. உழைப்புல யானை, சவாரியில கட்டைவண்டி.

அமெரிக்காக்காரங்க இந்த வண்டியை விவசாயத்துக்கு மட்டும் வாங்கலை. பீச்சுக்குப் போக, காலேஜுக்குப் போகன்னு வாங்க ஆரம்பிச்சாங்க. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்துல ஹீரோ ஏங்குற கறுப்பு டொயோட்டா பிக்கப் ஞாபகம் இருக்கா? அந்தப் படம் வந்த அதே 1985-ல்தான் டொயோட்டா முன்பக்கப் பட்டையைக் கழட்டிட்டு, தனித்தனியா அசையற சஸ்பென்ஷனும் டார்ஷன் பாரும் வச்சுது. டார்ஷன் பார்ங்கிறது ஒரு நீளமான இரும்புத்தடி. ஒரு முனை சேஸிஸ்ல, மறு முனை சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கையில. சக்கரம் ஏறினா தடி முறுக்கும், முறுக்கு திரும்பினா சக்கரம் இறங்கும். ஈரத்துணியைப் பிழியற மாதிரின்னு வைங்க. தார்ரோட்டுல சுகம்னா சுகம்.

ஆனா பாறை ஏறுற கூட்டத்துக்கு வயித்தெரிச்சல். அந்த முன்சக்கரம் முன்ன மாதிரி கீழ இறங்கித் தரையைத் தேடலை. அதனால புது வண்டியை வாங்கி, கம்பெனி குடுத்த மெத்தையைக் கழட்டி எறிஞ்சுட்டு, பழைய ரிஜிட் ஆக்ஸிலைக் கொண்டுவந்து மாட்டினாங்க. இன்னிக்கும் அமெரிக்காவுல 1985 மாடலுக்குத் தனி மவுசு, ரிஜிட் ஆக்ஸில் வந்த கடைசி மாடல் அதுங்கிறதால. ஆஸ்திரேலியா மாதிரி ஊர்கள்ல 1990கள்லயும் பட்டை வச்ச மாடலைத் தனியா வித்துக்கிட்டிருந்தாங்க.

பின்பக்கத்துக்கும் அந்தக் கூட்டம் ஒரு வழி கண்டுபிடிச்சுது. ஷெவர்லே பெரிய பிக்கப்போட 63 அங்குலப் பட்டையைக் கொண்டுவந்து டொயோட்டாவுக்குப் பின்னாடி மாட்டறது. நீளமான பட்டை. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பட்டையோட நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டினா விறைப்பு இருபத்தஞ்சு சதவீதம் குறையும், ஆனா இரும்பு மேல விழற பளு பத்து சதவீதம்தான் கூடும். அஞ்சு தகட்டுல ரெண்டைக் கழட்டினா? விறைப்பு நாற்பது சதவீதம் குறையும், மிச்சம் இருக்கிற மூணு தகட்டு மேல பளு மூணுல ரெண்டு பங்கு கூடும். ரெண்டும் மெத்துன்னுதான் போகும். ஆனா ஒண்ணு தாங்கும், இன்னொண்ணு உடையும். 2015-ல் வந்த ஹைலக்ஸுக்கு டொயோட்டாவே பின்பட்டையை நீளமாக்கித்தான் சவாரியை மென்மையாக்கிச்சு.

இந்தக் கணக்கெல்லாம் 2001-ல் எனக்குத் தெரியாது.

அப்போ நான் ஓமான்ல, நிஸ்வாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சைட்ல சூப்பர்வைசர். ரோடு போடாத மலைப்பாதை. கிரேடர் விட்டு மட்டம் பண்ணின மண்ரோடு, நாலு நாள்ல தகரக் கூரை மாதிரி அலை அலையா ஆகிடும். எனக்குக் குடுத்தது ஒரு 4 வீல் டிரைவ் பிக்கப். முன்னாடி ரெண்டு சீட், பின்னாடி தொட்டி. தினம் எண்பது கிலோமீட்டர். மூணு மாசத்துல முதுகு போச்சு. ராத்திரி படுத்தா கட்டில் குலுங்கற மாதிரி இருக்கும்.

ஒர்க்‌ஷாப்புல ஒரு பட்டான் மெக்கானிக் இருந்தார், கான் பாய்னு கூப்பிடுவோம். அவர்கிட்ட ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டையைக் கழட்டச் சொன்னேன். அவர் இந்தியில கேட்டார், "பாரம் ஏத்துவீங்களா?" நான் "இல்லை பாய், நான் மட்டும்தான் போறேன்"னு சொன்னேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெரும்பாலும் நான் மட்டும்தான். அவர் தலையை ஆட்டிட்டுக் கழட்டிக் குடுத்தார். கூடவே மெத்துன்னு ஒரு ஜோடி ஷாக் அப்சர்வர். காசு என் கைக்காசு. கம்பெனிக்குச் சொல்லலை.

ஐயோ, என்ன சுகம்! மறுநாள் வண்டி பஞ்சு மேல போச்சு. எங்க சைட்டுல ராமநாதபுரத்துப் பக்கத்துப் பையன் ஒருத்தன், ஃபிட்டர். முன்சீட்டுல உக்காந்து வந்தவன், "அண்ணே, நம்ம ஊர் டவுன் பஸ்ஸைவிட இது சூப்பர்ணே"ன்னான். எனக்குப் பெருமை தாங்கலை.

ஆறு வாரம் கழிச்சு, தண்ணி லாரி வரலை. மேல் கேம்ப்புல குடிக்கத் தண்ணி இல்லை. 200 லிட்டர் பேரல் நாலு, நிறைய தண்ணியோட தொட்டியில ஏத்தினோம். 800 கிலோ. பேரல் உருளாமப் பாத்துக்க ஆள் வேணும்னு அந்தப் பையனும் இன்னொருத்தரும் தொட்டியில ஏறிக்கிட்டாங்க. என் பக்கத்துல ஃபோர்மேன். வண்டி பின்னாடி உக்காந்தது கண்ணுக்கே தெரிஞ்சுது. ஹெட்லைட் வானத்தைப் பாத்துச்சு. நான் அதைப் பாத்தேன். பாத்துட்டும் கிளப்பினேன்.

வாதிக்குள்ள இறங்கற வளைவு ஒண்ணு. பின்பக்கம் அமுங்கினா முன்பக்கம் தூக்கிக்கும், ஸ்டியரிங்குக்குப் பிடி இருக்காது. ஒரு குழியில பின் ஆக்ஸில் மேல வந்து ரப்பர் ஸ்டாப்புல டமார்னு அடிச்சுது. அதுல வலதுபக்கப் பட்டை ரெண்டா உடைஞ்சுது. வண்டி ஒரு பக்கமா சரிஞ்சு, சறுக்கி, ஓரத்துப் பாறையில சாய்ஞ்சு நின்னுடுச்சு. பாறை இல்லைன்னா கீழே வாதி.

முன்னாடி உக்காந்திருந்த எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. பேரல் ஒண்ணு உருண்டு அந்தப் பையனோட கையில ஏறிடுச்சு. வலது மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில கம்பி வச்சாங்க. ஆறி வந்தப்ப கை முழுசா மடங்கலை. ஃபிட்டருக்கு மணிக்கட்டு மடங்கலைன்னா என்ன வேலை? ஒப்பந்தம் முடிஞ்சதும் ஊருக்கு அனுப்பிட்டாங்க.

விசாரணை நடந்துச்சு. "ரோடு மோசம், ஸ்பிரிங் உடைஞ்சது"ன்னு எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பட்டையை நான்தான் கழட்டச் சொன்னேன்னு யாருக்கும் சொல்லலை. கான் பாய் என்னை ஒரு பார்வை பாத்தார், அவரும் சொல்லலை. பஸ் ஏறப்போற அன்னிக்கு அந்தப் பையன் இடது கையால என் கையைப் பிடிச்சு, "நீங்க இல்லைன்னா வண்டி வாதியில போயிருக்கும்ணே"ன்னு சொன்னான். அப்பவும் சொல்லலை. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அவன் நம்பரும் என்கிட்ட இல்லை, ஊர்ப் பேரும் சரியா ஞாபகம் இல்லை.

என் இடுப்புக்கு மெத்தை வேணும்னு நான் எடுத்தது, தொட்டியில உக்கார்றவனுக்குச் சேர வேண்டிய இரும்பு. அதுக்கப்புறம்தான் நான் ஸ்பிரிங் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஹாபின்னு சொல்லிக்கிறேன். காரணம் இதுதான்.

படிச்சப்பதான் தெரிஞ்சுது, பெரிய கம்பெனிங்களும் இதே இடத்துல தடுமாறியிருக்குன்னு. 2014-ல் நிஸான் தன்னோட நவாரா டபுள் கேப்புக்குப் பின்பட்டையை எடுத்துட்டுச் சுருள் ஸ்பிரிங் வச்சுது. காலியா போறப்ப கார் மாதிரி. ஆனா ஆஸ்திரேலியாவுல டிரெய்லர் இழுக்கறவங்களும் பாரம் ஏத்தறவங்களும் பின்பக்கம் தொங்குதுன்னு சத்தம் போட்டாங்க. 2017-ல் திருத்தினாங்க, பத்தலை. 2018-ல் மறுபடி திருத்தினப்ப, அமுங்க அமுங்க விறைப்பு கூடற மாதிரி ஸ்பிரிங் வச்சாங்க. ஃபோர்டு நேர்மையா ஒரு வேலை செஞ்சுது. 2018 ரேஞ்சர் ராப்டருக்குப் பின்னாடி சுருள் வச்சு, பாலைவனத்துல பறக்கிற மாதிரி மெத்துன்னு ஆக்கிச்சு. கூடவே இழுவைத் திறனை 3500 கிலோவிலிருந்து 2500-க்குக் குறைச்சு எழுதிடுச்சு. மெத்தைக்கு விலை என்னன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியற உதாரணம் இன்னோவா. 2004-ல் டொயோட்டா ஒரே சேஸிஸ் திட்டத்துலேருந்து மூணு பிள்ளை பெத்துது: ஹைலக்ஸ், இன்னோவா, ஃபார்ச்சூனர். மூணுக்கும் முன்னாடி சுருள் ஸ்பிரிங், டார்ஷன் பார் போயே போச்சு. பின்னாடி? ஆளை ஏத்தற இன்னோவாவுக்கும் ஃபார்ச்சூனருக்கும் சுருள், மூட்டை ஏத்தற ஹைலக்ஸுக்குப் பட்டை. நம்ம தாத்தாக்கள் வில்வண்டியையும் கட்டைவண்டியையும் பிரிச்ச மாதிரியேதான் பிரிச்சிருக்காங்க. 2022-ல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸும் பின்னாடி பட்டையோடதான் வந்துச்சு. லேண்ட் குரூசர் 79 பிக்கப்பும் அப்படித்தான், 1999-ல் முன்னாடி சுருளுக்கு மாறிச்சு, பின்னாடி பட்டை.

ஆஸ்திரேலியாவுல ஸ்பிரிங் மாத்தறதை ஒரு கலையாவே வளர்த்திருக்காங்க. ஏ.ஆர்.பி.யோட ஓல்டு மேன் ஈமு மாதிரி ஆளுங்ககிட்ட போனா முதல்ல கேக்கற கேள்வி "எவ்வளவு மெத்துன்னு வேணும்?" இல்லை. "நிரந்தரமா எவ்வளவு எடை ஏத்திவச்சிருப்பீங்க?" அதுக்குத் தகுந்த ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்குத் தகுந்த ஷாக் அப்சர்வர். கான் பாய் கேட்டதும் இதே கேள்விதான். பதில் சொல்லத் தெரியாதவன் நான்.

ஞாயித்துக்கிழமை மருமகனுக்குப் போன் போட்டேன். வரிசையா இதைத்தான் சொன்னேன்:

முதல்ல டயர் காத்தைப் பாரு. முக்கால்வாசிப் பேர் முழுப் பாரத்துக்கான காத்தை அடிச்சுட்டுக் காலியா ஓட்டறாங்க. கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், காலிக்கு எவ்வளவு, பாரத்துக்கு எவ்வளவுன்னு. செலவு சுழியம்.

ரெண்டாவது, பட்டையைக் கழட்டிக் கழுவித் துரு எடுத்து, நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் துண்டு தேஞ்சிருந்தா மாத்து. ஷேக்கிள் புஷ் இறுகிப்போயிருந்தாலும் பட்டை வளையாது, கம்பியாட்டம் நிக்கும். இதுலயே பாதி குலுக்கல் போயிடும்.

மூணாவது, ஷாக் அப்சர்வர். பழைய வண்டின்னா கட்டாயம் செத்துப்போயிருக்கும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஷாக் அப்சர்வர் ஆட்டத்தை அடக்கும். ரெண்டும் வேற வேற வேலை.

நாலாவது, முன்னாடி டார்ஷன் பார் இருந்தா, வண்டியை உயர்த்திக் காட்டறேன்னு அந்த போல்ட்டை முறுக்கச் சொல்லுவாங்க. முறுக்காதே. தடியோட விறைப்பு மாறாது, ஆனா சக்கரம் கீழ இறங்கறதுக்கு இடம் இல்லாமப் போயிடும். பள்ளத்துல இறங்கும்போது நங்குன்னு இடிக்கும்.

இவ்வளவும் பண்ணியும் பத்தலைன்னா, உன் பாரத்துக்குன்னே செஞ்ச பட்டைக்கட்டை முழுசா வாங்கி மாட்டு. இருக்கிறதிலேருந்து உருவாதே.

எல்லாம் கேட்டுட்டு, "சரி மாமா. ஆனா காலியாத்தான் போவேன், எப்பவாச்சும்தான் மூட்டை"ன்னான்.

"சாயங்காலம் தோட்டத்து வேலைக்காரங்க கீழ இறங்கறப்ப எதுல வருவாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம வண்டி தொட்டியிலதான் மாமா. ஏழெட்டுப் பொம்பளைங்க."

"பட்டை அவங்களுக்குடா. அதோட தொட்டியில ஆள் ஏத்தறதையே நிறுத்தப் பாரு. ஜீப்பு வாடகைக்குச் சொல்லு. காசு நான் தர்றேன்"னேன். "எதுக்கு மாமா நீங்க தரணும்?"னு கேட்டான். அப்போதான் அவன்கிட்ட நிஸ்வாக் கதையைச் சொன்னேன். முதல் தடவையா ஒருத்தர்கிட்ட சொல்றேன். தங்கமணிக்கே இந்தப் பதிவைப் படிச்சாத்தான் தெரியும்.

டிஸ்கி 1: நான் மெக்கானிக் இல்லை. கணக்குல நான் போட்ட 500 கிலோ புரியறதுக்காகப் போட்டது, உங்க வண்டிக்கு வேற இருக்கும். கைவைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவர்கிட்ட கேளுங்க. அவர் "பாரம் ஏத்துவீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டா நல்ல மெக்கானிக்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல வில்வண்டி யார் வீட்டுல இருந்துச்சு, அதுல யாரு ஏறலாம், யாரு ஏறக்கூடாதுன்னு இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. அதை வச்சுத் தனியா ஒரு பதிவே போடலாம்.

டிஸ்கி 3: 2001-ல் ஓமான்ல வேலை பாத்து, வலது மணிக்கட்டுல கம்பி வச்சுக்கிட்டு ஊர் திரும்பின ராமநாதபுரத்துக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா இதைப் படிக்கக் குடுங்க.